பக்கத்து வீட்டுச் சாட்சி

இந்த மாதம் குறிப்பேட்டில் வேறு எதுவும் எழுதவில்லை. தினமும் காலையில், காப்பி ஆறுவதற்குள், ஒரே எண்ணைப் பார்த்து எழுதுகிறேன்.

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

127 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது. 39 இலக்கம். நம் வழக்கப்படி வாசிக்கப் போனால் ஆயிரத்து எழுநூற்றொரு கோடி கோடி கோடி கோடி கோடி என்று தொடங்கி அங்கேயே மூச்சு வாங்கும். பரிபாடலில் பேரெண்களுக்கு நெய்தல், குவளை, ஆம்பல், கமலம், வெள்ளம் என்று பெயர்கள் வருகின்றன. கோடியைக் கோடி மேல் அடுக்குவதைவிடக் குளத்தில் பூப்பதன் பெயரை வைப்பது மேல் என்று தோன்றுகிறது.

இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணும் இதை மீதியில்லாமல் வகுக்காது.

*

முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். கை எங்கே வழுக்கும் என்று கைக்கே தெரியும். இந்த எண்ணில் ஒன்பது ஒரே ஒரு முறைதான் வருகிறது, ஐந்தாம் கூறின் கடைசியில். இரண்டு இரண்டே முறை. ஒன்று எட்டு முறை. ஒன்றும் ஏழும் மூன்றும் மாறி மாறி வரும் இடங்களில்தான் வழுக்கல்.

எழுதி முடித்ததும் இலக்கங்களையெல்லாம் கூட்டுவேன். 154 வர வேண்டும். அதையும் கூட்டினால் 10, அதையும் கூட்டினால் 1. ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி அது. பத்து என்பது ஒன்பதோடு ஒன்று என்பதால்தான் இந்தச் சுருக்குவழி செல்லுபடியாகிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபோது மந்திரம் மாதிரி இருந்தது. ஒன்பதுக்குப் பக்கத்து வீடு பத்து, அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் இந்தக் கூட்டலுக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 17-ஐ 71 என்று எழுதினால் அது கண்டுகொள்ளாது. புரூஃப் பார்க்கிறவர்களுக்குப் பழகிய வியாதி இது. எழுத்தெல்லாம் இருக்கும், வரிசை தப்பியிருக்கும்.

*

‘பகா’ என்ற சொல்லை யார் முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தார்களோ, அவர்களுக்கு நன்னூல் தெரிந்திருக்கும். பகுபதம், பகாப்பதம் என்று படித்த அதே பகா. ‘மண்’, ‘நீர்’ போன்ற சொற்களைப் பிரித்தால் பொருள் தராது என்று இலக்கண ஆசிரியர் சொல்வார். ஏழை, பதினொன்றைப் பிரிக்க முடியாது என்று கணக்கு ஆசிரியர் சொல்வார். இலங்கைப் பாடநூல்களில் இதையே முதன்மை எண் என்கிறார்கள். அதற்கும் நியாயம் இருக்கிறது: மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கித்தான் உண்டாகின்றன.

எனக்குப் பகா என்பதே பிடிக்கிறது. அது எதிர்மறைப் பெயரெச்சம். இல்லாத ஒன்றைச் சொல்கிறது. சிக்கலும் அங்கேதான். இருப்பதைக் காட்டுவது சுலபம், எடுத்து முன்னால் வைத்தால் போதும். 39 இலக்க எண்ணுக்கு வகுத்தி *இல்லை* என்பதை எதை எடுத்து வைத்துக் காட்டுவது?

*

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம். வர்க்கமூலம் வரை போனால் போதும் என்பது பள்ளிப் பாடம். இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் கோடி கோடி. நொடிக்கு ஒரு வகுத்தல் என்று உட்கார்ந்தால் 41,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அதைப்போல் முப்பது மடங்கு.

கொஞ்சம் தந்திரம் செய்யலாம். இந்த வகை எண்களுக்கு வகுத்தி இருந்தால் அது கண்ட இடத்தில் இருக்காது. அடுக்கு 127 என்றால், பகா வகுத்தி ஒவ்வொன்றும் 254-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க வேண்டும். சிறிய உதாரணம் கையில் இருக்கிறது: இரண்டின் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 பெருக்கல் 89. இருபத்து மூன்று, இருபத்திரண்டோடு ஒன்று. எண்பத்தொன்பது, எண்பத்தெட்டோடு ஒன்று. இரண்டும் 22-இன் மடங்கை ஒட்டியே நிற்கின்றன.

இப்படி வடிகட்டிய பிறகும் 160 கோடி ஆண்டுகள் மிஞ்சுகின்றன. ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி ‘அவர் இங்கே இல்லையே?’ என்று கேட்டுக்கொண்டு போகிற வேலை. இது ஆகாது.

*

1876-இல் ஒருவர் இதை நிறுவிவிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். எதுவார் லூக்கா, பிரான்சின் அமியேன் நகரில் 1842-இல் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். 1870-71 பிரஷ்யப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார். போர் முடிந்ததும் முலேன் என்ற சிறு நகரில் பள்ளி வாத்தியார் ஆனார். அந்த ஆண்டுகளில் செய்த வேலை இது.

அவருக்கு முன்னால் 1644-இல் மரேன் மெர்சென் என்ற பாரிஸ் துறவி ஒரு பட்டியல் போட்டிருந்தார். இரண்டின் எந்தெந்த அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் பகா எண் கிடைக்கும் என்று 257 வரைக்கும் சொன்ன பட்டியல்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. எப்படித் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. இதில் 67-உம் 257-உம் தப்பு. 61, 89, 107 விடுபட்டிருக்கின்றன. 127 சரி. பதினொரு பதிவில் இரண்டு தப்பு, மூன்று விடுதல். அச்சகத்தில் என்றால் திருப்பி அனுப்பியிருப்போம். ஆனாலும் இந்த எண்கள் அவர் பெயரால்தான் வழங்குகின்றன. பட்டியலைப் போட்டவர் பெயர் நிற்கிறது. திருத்தியவர்கள் பெயர் அடிக்குறிப்புக்குப் போகிறது. எங்கள் தொழிலில் இது புதிதல்ல.

*

நம் எண்ணுக்கு இரண்டு பக்கத்து வீடுகள்.

ஒன்று குறைந்த பக்கம் நெரிசல். அந்த எண்ணைக் காரணிப்படுத்தினால் 2, மூன்று 3, இரண்டு 7, 19, 43, 73, 127, 337, 5419, 92737, 649657, கடைசியில் 77158673929. பெரியதும் சிறியதுமாக ஒரு கூட்டுக் குடும்பம். உள்ளே 127-உம் இருக்கிறது, அது தற்செயல் இல்லை. ஃபெர்மாவின் சிறு தேற்றம் அதை அங்கே உட்கார வைத்திருக்கிறது.

ஒன்று கூடிய பக்கம் இரண்டின் 127ஆம் அடுக்கு. அந்த வீட்டில் இரண்டைத் தவிர வேறு ஆளே இல்லை. இதைவிட எளிதாகப் பிரிகிற எண் எங்கும் கிடையாது.

எதனாலும் பிரியாத ஒன்றும், பிரிவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒன்றும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கின்றன. லூக்கா செய்தது இதுதான்: எண்ணின் கதவை அவர் தட்டவே இல்லை. பக்கத்து வீட்டில் போய் விசாரித்தார்.

*

அவர் வழியைச் சிறியதில் செய்து பார்த்தேன். அடுக்கு 7, எண் 127.

3-இல் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி, 127-க்கு மேல் போனால் மீதியை மட்டும் வைத்துக்கொள். மறுபடி வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி. ஐந்து முறை. ஏழில் இரண்டு குறைவு என்பதால் ஐந்து.

3-இன் வர்க்கம் 9, இரண்டு போக 7. ஏழின் வர்க்கம் 49, இரண்டு போக 47. நாற்பத்தேழின் வர்க்கம் 2209, இரண்டு போக 2207. இப்போது 127-ஆல் வகுத்து மீதி எடுக்க வேண்டும். உண்மையில் வகுக்க வேண்டியதில்லை. 127-க்குப் பக்கத்து வீடு 128. 2207-இல் பதினேழு 128-உம் 31-உம் இருக்கின்றன. பதினேழையும் முப்பத்தொன்றையும் கூட்டு, 48. அதுதான் மீதி. ஒன்பதுக்கு இலக்கங்களைக் கூட்டிய அதே வித்தை, மடித்துக் கூட்டுவது.

48-இன் வர்க்கம் 2304, இரண்டு போக 2302. பதினேழு 128, மிச்சம் 126. கூட்டினால் 143. ஒரு 127 போக 16. பதினாறின் வர்க்கம் 256, இரண்டு போக 254. இரண்டு 127. மீதி சுழி.

3, 7, 47, 48, 16, 0.

சுழி வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை. ஒரு வகுத்தியையும் தேடவில்லை. காப்பி ஆறவுமில்லை.

*

அடுத்த நாள் 2047-ஐ எடுத்துக்கொண்டேன். அது 23-உம் 89-உம் சேர்ந்தது என்று தெரிந்தேதான்.

3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471, 160.

எட்டாவது படியில் 160 திரும்பி வந்தது. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி மேலே போட வேண்டியதில்லை. 160-க்குப் பின் 1034, அதற்குப் பின் 620, 1609, 1471, மறுபடி 160. செக்கு மாடு. எத்தனை நாள் நடந்தாலும் சுழிக்கு வராது.

ஏன் இப்படி என்பதை என் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். இந்தத் தொடர் ஒரு வட்டப் பாதையில் ஒவ்வொரு படியிலும் தூரத்தை இரட்டித்து நடக்கிற நடை. சரியான படியில் சுழி வந்தால் அந்த வட்டத்தின் நீளம் முழுசாகப் பக்கத்து வீட்டு எண்ணின் அளவு, அதாவது இரண்டின் அடுக்கு, என்று அர்த்தம். நம் எண்ணுக்குள் சிறிய வகுத்தி ஒன்று ஒளிந்திருந்தால் அதன் எல்லைக்குள் அவ்வளவு நீள வட்டத்துக்கு இடமே இருக்காது. வட்டம் அடங்குகிறது என்றால் ஒளிந்தவர் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டில் இரண்டுகள் மட்டும் இருப்பதால்தான் இரட்டிப்பதே விசாரணைக்குப் போதுமாகிறது.

*

2047-இல் இன்னொன்றையும் கவனித்தேன். தொடர் ‘இது பகு எண்’ என்று சொல்லிவிட்டது. 23 என்றோ 89 என்றோ சொல்லவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது, யாரென்று தெரியாது.

1876-இல் லூக்கா மெர்சென் பட்டியலின் 67-ஐயும் இப்படித்தான் தள்ளினார். பகா எண் இல்லை என்றார், காரணி எதுவும் தரவில்லை. இருபத்தேழு வருடம் அது அப்படியே இருந்தது. 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃப்ராங்க் நெல்சன் கோல் என்பவர் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் இரண்டின் 67ஆம் அடுக்கைப் போட்டு ஒன்றைக் கழித்தார்: 147573952589676412927. மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. வாய் திறக்காமல் போய் உட்கார்ந்தார், அவை கைதட்டியது என்று சொல்வார்கள். எத்தனை நாள் பிடித்தது என்று பிற்பாடு கேட்டதற்கு ‘மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்’ என்றாராம்.

சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாக இருக்கலாம். பெருக்கல் மட்டும் சரி, போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. முதல் தடவை தப்பு வந்தது.

*

127-ஆம் அடுக்குக்கு 125 படிகள். ஒவ்வொரு படியிலும் 39 இலக்க எண் ஒன்றை வர்க்கப்படுத்த வேண்டும். லூக்கா இதைச் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டத்தில் செய்யலாம் என்று வழி சொல்லியிருக்கிறார்: பக்கத்துக்கு 127 கட்டங்கள், இரும எண்முறை, ஒன்றுக்கு ஒரு காய், சுழிக்கு வெற்றுக் கட்டம். மடித்துக் கூட்டுவது பலகையில் காய்களை நகர்த்துவதாகிவிடும். இரும முறையில் நம் எண்ணே 127 ஒன்றுகள்தான். ஒரு வரிசை நிறையக் காய்கள்.

நேற்று அந்தப் பலகையை நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோது ஒன்று பிடிபட்டது. 127-க்கான என் கணக்கில் சுழிக்கு முந்தைய எண் 16, இரண்டின் நான்காம் அடுக்கு. இது தற்செயலா? இல்லை. கடைசிப் படியில் சுழி வர வேண்டுமானால் அதற்கு முந்தையதன் வர்க்கம் 2 ஆக வேண்டும். இந்த எண்ணின் கணக்கில் இரண்டும் இரண்டின் எட்டாம் அடுக்கும் ஒன்றே. அதன் வர்க்கமூலம் இரண்டின் நான்காம் அடுக்கு, இல்லையென்றால் அதன் எதிர்.

அப்படியானால் பெரிய எண்ணுக்கு? இரண்டும் இரண்டின் 128ஆம் அடுக்கும் ஒன்றே. வர்க்கமூலம் இரண்டின் 64ஆம் அடுக்கு, அல்லது அதன் எதிர்.

எழுந்து விளக்கைப் போட்டேன். லூக்காவின் பலகையில் சுழிக்கு ஒரு படி முன்னால், 127 கட்ட வரிசையில் ஒரே ஒரு காய் நின்றிருக்கும். எதிர்க்குறி என்றால் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக, மற்றதெல்லாம் காய்களாக இருந்திருக்கும்.

*

64 என்றதும் எழுந்ததற்குக் காரணம் உண்டு. ஏழு வருடம் கழித்து, 1883-இல், லூக்கா ஒரு மர விளையாட்டுப் பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தார். மூன்று கம்பு, ஒன்றின் மேல் ஒன்றாக எட்டு வட்டு. பெரியதன் மேல் சிறியது மட்டும் வைத்து, ஒவ்வொன்றாக, அடுத்த கம்புக்கு மாற்ற வேண்டும். ஹனாய் கோபுரம். பெட்டியில் தன் பெயரைப் போடாமல் ‘சயாமைச் சேர்ந்த பேராசிரியர் என். கிளாஸ்’ என்று போட்டார். எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘அமியேனைச் சேர்ந்த லூக்கா’ என்று வரும். எழுத்தெல்லாம் இருக்கிறது, வரிசைதான் தப்பு. வேண்டுமென்றே செய்த பிழை.

அந்தப் பொம்மையோடு ஒரு கதையும் பரவியது. காசிக் கோயிலில் 64 பொன் வட்டுகளைப் பூசாரிகள் இரவும் பகலும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், வேலை முடிந்ததும் உலகம் முடியும் என்று. நம் ஊர்ப் பக்கம் யாரும் கேள்விப்படாத காசி அது. ஐரோப்பாவில் செய்யப்பட்ட காசி. ஆனால் கணக்கு சரிதான்: 64 வட்டுக்கு இரண்டின் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணிக்கையில் நகர்த்தல்கள். நொடிக்கு ஒன்று என்றால் 58,500 கோடி ஆண்டுகள். 127 வட்டு வைத்தால் நகர்த்தல்களின் எண்ணிக்கை நான் தினமும் எழுதுகிற எண்ணேதான்.

64 வட்டுக்கான எண் பகா எண் இல்லை. 64 பல விதமாகப் பிரியும் என்பதால் அதுவும் பிரிகிறது: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த வகை எண் பகா எண்ணாகவே ஆகாது. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உத்தரவாதம் இல்லை, 11-ஐப் பார்த்தோம்.

லூக்கா 1891-இல் ஒரு விருந்தில் உட்கார்ந்திருந்தபோது பரிமாறுகிறவர் கையிலிருந்து தட்டு விழுந்து உடைந்து, ஒரு சில்லு அவர் கன்னத்தைக் கிழித்தது. காயம் தொற்றாகி சில நாளில் இறந்துபோனார். 49 வயது.

*

1876-இலிருந்து 1951 வரை, 75 ஆண்டுகள், மனிதர்களுக்குத் தெரிந்த பகா எண்களில் இதுதான் பெரியது. ‘உலகிலேயே பெரிய பகா எண்’ என்று எழுதுவார்கள். அப்படி ஒன்று கிடையாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் காட்டி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. நமக்குப் பெயர் தெரிந்தவற்றில் பெரியது, அவ்வளவுதான் சொல்லலாம்.

அதைவிட வேடிக்கை, இந்த அளவில் பகா எண்கள் அபூர்வமே இல்லை. நம் எண்ணின் பக்கத்தில் சராசரியாக 88 எண்களுக்கு ஒன்று பகா எண். 39 இலக்கத்தில் மட்டும் ஏறத்தாழ நூறு கோடி கோடி கோடி கோடி கோடி பகா எண்கள் இருக்கின்றன. திருவிழாக் கூட்டம். அதில் ஒருவரைக்கூட அன்றைக்கு நமக்கு அடையாளம் தெரியாது, இவர் ஒருவரைத் தவிர. இவரையும் இவர் சிறப்புக்காகத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்து வீடு இரண்டின் அடுக்கு என்பதால் தெரிந்தது.

இன்றைக்கு வங்கிப் பரிமாற்றங்களைப் பூட்டுகிற சாவிகளுக்காக இயந்திரங்கள் 300 இலக்கத்துக்கு மேற்பட்ட பகா எண்களை நொடிப்பொழுதில் பொறுக்கி எடுக்கின்றன. வேலை முடிந்ததும் அவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்தால் ஆபத்தும் கூட.

*

1951-இல் அந்த இடம் போனது. முதலில் ஃபெரியே என்ற பிரெஞ்சுக்காரர், மேசைக் கணக்கு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு 44 இலக்கப் பகா எண்ணை நிறுவினார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் என்ற கணிப்பொறியில் 79 இலக்க எண்ணைப் பிடித்தார்கள். அந்த எண் எப்படி அமைந்தது என்பதில்தான் எனக்கு ஆசை: நம் எண்ணை வர்க்கப்படுத்தி, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது.

ஏன் அப்படி ஒரு கோணல் எண்? புதிய எண்ணில் ஒன்றைக் குறைத்தால் கிடைக்கும் பக்கத்து வீட்டில் யார் யார் என்று முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். 180-இல் இருப்பவர்கள் தெரிந்தவர்கள். மற்றவர் லூக்காவின் எண். 75 வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுச் சாட்சியால் நிறுவப்பட்டவர், இப்போது தானே பக்கத்து வீட்டில் உட்கார்ந்து இன்னொருவருக்குச் சாட்சி சொன்னார்.

1952 ஜனவரி 30 இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்வாக் என்ற கணிப்பொறி அடுக்கு 521-ஐயும் 607-ஐயும் ஒரே நாளில் கண்டுபிடித்தது. நிரலை எழுதியவர் ரஃபேல் ராபின்சன். முறை லூக்காவுடையதே, டெரிக் லேமர் 1930-இல் செப்பம் செய்தது. லேமர் செய்த திருத்தங்களில் ஒன்று, 3-க்குப் பதில் 4-இல் தொடங்கினால் எல்லா அடுக்குக்கும் பொதுவாகச் செல்லும் என்பது. அதன் பிறகு வந்ததெல்லாம் ஓட்டப்பந்தயம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அடுக்கு 136279841, இலக்கம் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320. பல நாட்டுத் தரவு மையங்களில் வரைகலைச் செயலிகளை வாடகைக்கு எடுத்து லூக் டுரான்ட் என்பவர் தேடிய தேடல். அதை உறுதி செய்ததும் அதே வர்க்கம், அதே இரண்டு கழித்தல். சுழிக்கு முந்தைய படியில் அங்கேயும் இரண்டின் அடுக்கு ஒன்று, நேராகவோ எதிராகவோ, நின்றிருக்கும். 68139921ஆம் அடுக்கு.

அவ்வளவு பெரியதைப் பார்த்து எழுத எனக்குத் திராணி இல்லை. 39 என் வயதுக்குச் சரி.

*

இந்த எண் ஓய்வு பெறவில்லை. 2015-இல் கிரெய்க் காஸ்டெல்லோ, பாட்ரிக் லோங்கா இருவரும் வெளியிட்ட ஃபோர்கியூ என்ற சங்கேத வளைகோடு இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. காரணம் வேகம். இந்த எண்ணால் வகுத்து மீதி காண மடித்துக் கூட்டினால் போதும் என்பது கணிப்பொறிக்குச் சக்கரைப் பொங்கல்.

*

லூக்காவின் நிறுவல் வந்த 1876-லேயே யூஜின் கட்டலான் ஒரு சங்கிலியைக் கவனித்தார். 2-இல் தொடங்கு. இரண்டை அத்தனை முறை பெருக்கி ஒன்றைக் குறை: 3. மூன்று முறை பெருக்கி ஒன்றைக் குறை: 7. ஏழு முறை: 127. நூற்றிருபத்தேழு முறை: நம் எண். ஐந்தும் பகா எண்கள்.

அடுத்தது? நம் எண் எத்தனையோ அத்தனை முறை இரண்டைப் பெருக்கி ஒன்றைக் குறைக்க வேண்டும். அதற்குச் சுமார் 512 கோடி கோடி கோடி கோடி கோடி இலக்கங்கள் வரும். எத்தனை இலக்கம் என்று எழுதவே 38 இலக்கம் வேண்டும். அதுவும் பகா எண்தானா என்று யாருக்கும் தெரியாது. சிறிய காரணிகளைத் தேடியிருக்கிறார்கள், அகப்படவில்லை. லூக்காவின் சோதனைக்கு நம் எண்ணில் இரண்டு குறைந்த அளவு படிகள். பக்கத்து வீடு இப்போதும் இரண்டுகள் மட்டும்தான். சாட்சி தயார். விசாரிக்கத்தான் நேரம் இல்லை.

*

இடம் மாறிய பிழையைப் பிடிக்க ஒரு வழி கிடைத்தது. மூன்று மூன்றாகப் பிரித்த கூறுகளை வலப்பக்கத்திலிருந்து ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, அடுத்ததைக் கூட்டி வர வேண்டும். 1000-க்குப் பக்கத்து வீடு 1001, அதில் 7, 11, 13 குடியிருக்கிறார்கள். 727-இல் 105 போக, 884 கூட, 715 போக என்று இடக்கோடி வரை வந்தால் 1128. ஒரு 1001 போக மீதி 127.

அடுக்கு 127, மீதியும் 127. காரணம் இருக்கிறது: 1001-இன் கணக்கில் இரண்டின் அடுக்குகள் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வருகின்றன, 127-இலிருந்து 120 போனால் ஏழு, ஏழாம் அடுக்கு 128. காரணம் தெரிந்த பிறகும் சந்தோஷம் குறையவில்லை.

இன்று காலை எழுதியதைச் சோதித்தேன். இலக்கக் கூட்டல் 154, சரி. கூட்டிக் கழித்ததில் 1092 வந்தது. 1001 போக மீதி 91. ஏழு பதின்மூன்று. நான் எழுதியிருந்த எண் ஏழாலும் பதின்மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூறு கூறாகப் பார்த்து வந்தேன். பத்தாவது கூறில் 715-க்குப் பதில் 751.

ஓரத்தில் பழைய வழக்கப்படி இடமாற்றக் குறியைப் போட்டேன்.